சனல் தேடிக் கொடுத்த ஜெயனி

கோகுலனை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் தேவாலயச் சபைச் சனத்தை நினைத்தால் அதைவிட மோசம்.

ஜெயனி மானிப்பாயில் என்னோடு ஒரே பாடசாலையில் கணினி படிப்பிப்பவள். செய்மதிச் சனல்கள் அடிக்கடி அலைவரிசை மாறும். மாறினால் ஊரில் பாதி வீடுகளில் படம் போய்விடும். டிஷ் கடைக்காரர் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அந்த எரிச்சலில்தான் அவள் ஒரு மென்பொருள் எழுதினாள். டிஷ் பெட்டியில் ஏற்றிவிட்டால், வருகிற சனல் எல்லாவற்றையும் அதுவே தேடிப் பிடிக்கும். மெதுவாகத்தான் தேடும். சின்னச் சனல்களின் சிக்னல் பிடிபட நேரமெடுக்கும் என்பதால், ஒவ்வோர் அலைவரிசையிலும் பொறுத்து நிற்கும்படி வேண்டுமென்றே எழுதியிருந்தாள். அதை மருதனார்மடத்தில் டிஷ் கடை வைத்திருக்கும் கோகுலனிடம் சும்மா தூக்கிக் கொடுத்தாள்.

மியூரியல் அன்ரி எங்கள் இருவருக்கும் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவர். இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்தபின், ஒரு சின்னச் சனலில் வரும் ஞாயிறு ஆராதனைதான் அவருக்குத் தேவாலயம். போன மாதம் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து வீட்டில் இருந்தபோது மகள் ரஞ்சினி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

“கோகுலன் வந்து உம்மடை புரோகிராமைப் போட்டதிலை இருந்து அம்மாவின்ரை ஆராதனை வாறேல்லை, ஜெயனி. அம்மாதான், எங்கடை பிள்ளை செய்தது, சொன்னால் மனம் நோகும், ஒருத்தரும் சொல்லாதேங்கோ எண்டுட்டா.”

சுற்றி இருந்த சபையார் தலை குனிந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் அந்தச் சனல் இல்லையாம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் தாராளமாகக் கதைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சரிப்படுத்தியிருப்பாள். இதற்குப் பெயர் மரியாதையா?

ஜெயனி அங்கேயே பெட்டியை மடிக்கணினியில் கொழுவிப் பார்த்தாள். பொறுத்து நிற்கும் நேரத்தை யாரோ வெட்டிக் குறைத்திருந்தார்கள். நேரே கோகுலனின் கடைக்குப் போனோம்.

“ஆரைக் கேட்டு உதிலை கைவைச்சனீர்?” என்று கேட்டாள் ஜெயனி.

“சனம் பொறுக்காது, டீச்சர்,” என்றான் கோகுலன், சிரித்துக்கொண்டு. “கெதியாத் தேடினால்தான் நல்ல சாமான் எண்டு வாங்குதுகள். உந்தச் சின்னச் சனலை ஆர் பாக்கினம்?”

“மியூரியல் அன்ரி பாத்தவ!”

வகுப்பில்கூட அவள் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்துச் சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கோகுலன் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஜெயனி, ரஞ்சினி வீட்டுப் பெட்டியில் தன்னுடைய பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாள். அது வழக்கம்போல ஆறுதலாக, நின்று நின்று தேடியது. அந்தச் சனல் வந்தது, ஆராதனை நடந்துகொண்டிருந்தது. ரஞ்சினி வெறும் கட்டிலைப் பார்த்தாள்.

“நிப்பாட்டும், ஜெயனி. இனி ஆருக்கு உது?”

நான்தான் ஜெயனியிடமிருந்து றிமோட்டை வாங்கி நிறுத்தினேன்.