முதுகைத் திருப்பிக்கொள்பவள்

கிளினிக்கில் எல்லோரும் அவளைத் துப்பல் டீச்சர் என்றார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பள்ளிப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவளை டாக்டர்களே டீச்சர் என்று கூப்பிட்டால் கசக்குமா என்ன?

எலும்புத் தேய்மானத்தை எச்சிலில் கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கே ஆராய்ச்சி நடந்தது. எலும்பு கரையும்போது உதிர்கிற துணுக்குகளில் கொஞ்சம் எச்சிலுக்கும் வந்துசேருமாம். அளவு அதிகமென்றால் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். முடிவு சொல்வது ஸ்கேன். எச்சில் கதவைத் தட்டுவதோடு சரி.

அந்த எச்சிலைச் சேகரிப்பது அவள் வேலை. தெருவில் கூசாமல் துப்புகிறவர்கள்கூட ஒரு குழாயைக் கையில் கொடுத்தால் விறைத்துப்போவார்கள். காறவும் கூடாது. தலையைக் குனிந்து, தானாக ஊறுவதை வழிய விட வேண்டும். யாராவது பார்த்தால் வாய் பாலைவனம்தான்.

முன்பு அவள் பெண்கள் தையல் கடையொன்றில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். டேப் இடுப்பைச் சுற்றும்போது கண்ணைக் கூரையில் வைக்கப் பழகியது அங்கேதான். இங்கே வந்ததும் குழாயைக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் வழியாக எதிர்மாடியில் காயும் துணிகளைப் பார்த்தபடி நிற்பாள். பின்னால் குழாய் நிறையும். அவள் அறையிலிருந்து யாரும் வெறுங்குழாயோடு போனதில்லை.

அவளுடைய அக்கா வேன் ஓட்டுபவள். அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறாள். தானே தோளில் தூக்கிப் படியேறுவாள். போன மழைக்காலத்தில் வேன் கதவைச் சாத்தும்போது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கதவைச் சாத்தினால் எலும்பு உடையுமா என்று தங்கை நச்சரித்து அவளை வரவழைத்தாள். துணைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வந்தாள். தங்கை வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்மாடியில் யாரோ ஒரு போர்வையை உதறிப் போடுவதற்குள் குழாய் நிறைந்துவிட்டது.

"உங்க அக்காவுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டரம்மா, முடிவு வந்த அன்று.

அக்கா போனில் சிரித்தாள். "பாத்தியா? இரும்புடி நான்!"

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானம் பிஸ்கட்டைக் கடிக்கும்போது அவளுக்கு உறைத்தது. பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து அக்காவுக்கு வாய் வறட்சி. தண்ணீர் இல்லாமல் ஒரு பிஸ்கட் இறங்காது. குழாய் எப்படி அவ்வளவு சீக்கிரம் நிறைந்தது?

நேராக வேன் நிற்கிற இடத்துக்குப் போனாள்.

"யாரு துப்பினது?"

"எதுல?"

"குழாயிலக்கா."

அக்கா தூக்கிய கேனை இறக்கி வைத்தாள். "வாய் காஞ்சு கிடந்துச்சு. நீ வேற சிலை மாதிரி ஜன்னலப் பாத்துட்டு நிக்கற, பாவமா இருந்துச்சு. பொண்ணுகிட்ட நீட்டினேன். எல்லாம் ஒரே வீட்டு எச்சில்தானே!"

"அப்ப உனக்குப் பல்வலின்னா அவ பல்லப் பிடுங்கலாமா?"

அக்கா சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். "ஏதாவது இருக்குன்னு வந்தா உங்க மாமா வேன் சாவிய வாங்கி வெச்சுப்பாரு. வீட்ல உக்காந்து சீரியல் பாத்து அழச் சொல்றியா?"

"இடுப்பு உடைஞ்சா சாவிய வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணுவ? காது குடையவா?"

அக்கா இறக்கிய கேனை மறுபடி தூக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் தங்கையே போய்ச் சொன்னாள். "அந்தக் குழாய எடுத்துடுங்க மேடம். அது அவ பொண்ணோடது." மறுபடி எடுக்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலை நாற்காலியை அக்காவுக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ திரும்பிக்கோயேன்டி."

"மாட்டேன்."

"பாத்தா வராது."

வரவில்லைதான். அவள் இன்னொரு குழாயைப் பிரித்துத் தானும் குனிந்தாள். இரண்டு தலைகளும் முட்டுகிற மாதிரி வந்தன. அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது.

"சின்னதுல தூங்கும்போது என் தோள்லதான் ஒழுக்குவ. அப்ப இந்த வேலை இருந்திருந்தா டிரம்மே ரொம்பியிருக்கும்."

"பேசாம குனி."

மெதுவாக, நூல்போல, அக்காவின் குழாயில் இறங்கியது. அது நிறைவதற்கு வெகுநேரம் ஆனது. மூடி போட்டுப் பெயர் ஒட்டினாள்.

"உன்னுதுக்கும் ஒட்டு" என்றாள் அக்கா.

"இது சும்மா, உனக்குத் துணைக்கு."

"ஊர் எச்சிலெல்லாம் அனுப்புற. உன்னுது மட்டும் தங்கமா?"

இத்தனை நாளில் அவள் தன்னுடையதைக் கொடுத்ததே இல்லை. ஒரு நிமிடம் குழாயைப் பார்த்தாள். பிறகு ஒட்டினாள்.

அவளுடையதில் ஒன்றுமில்லை. அக்காவுடையது கதவைத் தட்டியது. இடுப்பெலும்பு மெலிந்திருப்பதாக ஸ்கேனும் சொன்னது. நல்ல வேளை, ஆரம்பத்திலேயே பிடித்தோம், மருந்து இருக்கிறது, வண்டி ஓட்டலாம், கேன் மட்டும் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா.

அவள் இப்போதும் முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். துணைக்கு வருகிறவர்களை மட்டும் வெளியே உட்காரவைக்கிறாள்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று சாயங்காலமே மாமா சாவிக்குக் கை நீட்டியிருக்கிறார். அக்கா வேனின் பின்கதவைத் திறந்து கேனைக் காட்டினாளாம்.

"கை சும்மா இருந்தா அதை எடுங்க. மூணாவது மாடி. நான் வண்டியப் பாத்துக்கறேன்."