முன் கியருக்கு ஒரு பூட்டு

கும்மிடிப்பூண்டிச் சாலையோரம் நான் பட்டறை வைத்திருந்த அறுபதுகளின் கடைசியில், என் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட புண்ணியவான் ஒருவர் இருந்தார். மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்துவிட்டு, பட்டாளத்துக்கே தளபதி ஆகிவிட்டதுபோல நடமாடியவர். பக்கத்தில் புதிது புதிதாகத் தொழிற்சாலைக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஆற்று மணல் அடிப்பதற்காகத்தான் அந்த லாரி. பாதி நாள் மணல் அடித்தது, மீதி நாள் என் பட்டறையில் படுத்துக் கிடந்தது.

மற்ற லாரிகளில் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். இதில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருந்தது. முன் கியர் என்போம். அதைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மணலிலும் சேற்றிலும்தான் அதைப் போட வேண்டும். தார்ச்சாலை ஏறியதும் எடுத்துவிட வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின்சக்கரம் ஓடும் தூரம் வேறு. மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் அப்படி விட்டுக்கொடுக்காது. உள்ளே இருக்கும் பல்லும், சுழலும் தண்டுகளை இணைக்கும் கிராஸும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, எதற்குத் தெம்பு குறைவோ அது உடையும்.

இதை லாரி முதலாளிக்குத் தரையில் கோடு போட்டே விளக்கினேன். வெற்றிலையை நிதானமாக மென்று முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“டப்பு குட்த்தது நாலு சக்கரத்துக்கு மேஸ்திரி. ரெண்டு ஒழைக்கும், ரெண்டு சொம்மா குந்திக்கினு வருமா?”

சும்மா இருப்பதில் அவருக்கு அவ்வளவு வெறுப்பு. தினமும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன் கியர் தார்ச்சாலையிலும் விழுந்தே இருக்கிறதா என்று காவல் காப்பதுதான் அவர் பார்த்த ஒரே வேலை.

டிரைவர் பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல கிளட்சை விடுவார். ஆனால் கிராஸ் உடையும்போதெல்லாம் முதலாளி டீக்கடை டீக்கடையாக ஏறி, அவன் கை முரட்டுக் கை, என் வண்டியை நாசம் பண்ணுகிறான் என்று ஒப்பாரி வைப்பார். எங்கள் பக்கத்தில் லாரி வைத்திருந்தவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். எல்லாரும் குடித்தது அதே டீதான். ஒருநாள் டிரைவர் என்னிடம் சொன்னார்.

“வேல போனா போவட்டும் மேஸ்திரி. வண்டி ஒடைக்கிறவன்னு பேரு வந்துட்ச்சின்னா, அப்பால எவன் ஸ்டேரிங் குடுப்பான்?”

எனக்குப் பொறுக்கவில்லை. உடைத்தவர் வெற்றிலை போட்டுக்கொண்டு திரிகிறார், பழி மட்டும் இவர் தலையில்.

அடுத்த முறை வண்டி வந்தபோது கியர் பெட்டியையே பிரித்தேன். முன் கியரைக் கோக்கும் வளையத்தின் பற்கள் எலி கொறித்ததுபோல மழுங்கிப் போயிருந்தன. அதைத் தள்ளும் கவை கோணிக்கொண்டிருந்தது. பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து இதே சாதி லாரியின் வளையம் ஒன்றைப் பிடித்து வந்தேன். கவையை உலையில் காய்ச்சி நிமிர்த்தினேன். அதோடு என் சொந்தக் கைங்கரியமாக, முன் கியரை எடுத்த நிலையிலேயே கவ்விப் பிடிக்கும் ஓர் இரும்புப் பட்டை அடித்து, அதற்கு ஒரு பூட்டும் போட்டேன். சாவி டிரைவர் கையில். மிலிட்டரியில் இப்படித்தான் வைப்பார்கள் என்று முதலாளியிடம் அடித்துவிட்டேன். மிலிட்டரி என்றதும் மனிதர் குளிர்ந்துபோனார். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பூட்டைக் காட்டினார்.

காட்டிக் களைத்த பிறகுதான், சாவி யாரிடம் இருக்கிறது என்ற விஷயம் மண்டையில் ஏறியது. கொடு என்றார். தார்ச்சாலையில் போடமாட்டேன் என்று சொன்னால் தருகிறேன் என்றார் டிரைவர். என் வண்டிக்கு நீ பூட்டா என்று குதித்து, முதலாளி அந்த நிமிடமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். குதித்த வேகத்தில் சாவியைப் பிடுங்க மறந்துபோனார். வண்டியை உடைத்ததால்தான் துரத்தினேன் என்று ஊர் முழுக்கச் சொல்ல மட்டும் மறக்கவில்லை. டிரைவர் வேறு லாரி முதலாளிகளிடம் போய் நின்றார். எல்லாரும் உட்காரச் சொல்லி விசாரித்தார்கள், ஒருவரும் வண்டி தரவில்லை.

ஆடி ஞாயிறு வந்தது. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு ஜனங்களை ஏற்றிக்கொண்டு முதலாளியே லாரியை ஓட்டிப் போனார். சாலையில் நெரிசல் என்று ஆற்று மணலில் குறுக்கே இறக்கினார். பின்சக்கரங்கள் தமக்குத் தாமே குழி வெட்டிக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கின. எனக்கு ஆள் வந்தது. பூட்டை உடை என்றார் முதலாளி. உண்மையில் சம்மட்டியால் இரண்டு போடு போட்டால் பூட்டு கழன்றிருக்கும். நான் பெரிய டாக்டர்போல முகத்தை வைத்துக்கொண்டு, அதை உடைத்தால் கியர் பெட்டியும் சேர்ந்து கையோடு வந்துவிடும், டிரைவரைக் கூப்பிடுவதுதான் வழி என்றேன்.

டிரைவர் மணலில் நடந்தே வந்தார். வேப்பிலையும் கையுமாக ஜனங்கள் சுற்றி நின்றார்கள். அவரைத் திருப்பி அனுப்பிய லாரி முதலாளிகளில் ஒருவரும், வேண்டுதலுக்கு வந்த இடத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே எங்கள் முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். டிரைவர் கொடுக்கவில்லை.

“வண்டிய ஒடச்சது யாருன்னு சொல்லுங்க மொதலாளி. இவங்க முன்னால சொல்லுங்க.”

முதலாளி ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் ஸ்டேரிங்கிடம் முணுமுணுத்தார், நான்தான் என்று. கதவை ஒட்டி நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

“பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல மொதலாளி” என்றேன்.

“நான்தான்யா ஒடச்சேன். அவன் இல்ல.”

இது அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். முதலாளி பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். டிரைவர் ஏறிப் பூட்டைத் திறந்து முன் கியரைப் போட்டார். முன்சக்கரங்கள் மணலைக் கவ்வின, லாரி முனகிக்கொண்டே மேலே வந்தது. கரையேறித் தார்ச்சாலையைத் தொட்டதும் முன் கியரை எடுத்து, மறுபடி பூட்டி, சாவியை முதலாளியின் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். பின்னாலேயே நடந்து வந்திருந்த அந்த இன்னொரு லாரிக்காரர், மறுநாள் காலை தன் வண்டியை எடுக்க வர முடியுமா என்று, எல்லாருக்கும் கேட்கும்படியே அவரைக் கேட்டார்.