நாலு மூட்டைப் பாரம்

போன கோடையில் என் மகன், வெளிநாட்டில், இல்-பிசாரில் இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, அயல் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கேட்டான்.

“அம்மா, நீங்கள் எத்தனை கிலோ?”

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அவன் பழைய ரெயிலர் ஒன்று வாங்குவதற்குப் பார்த்திருந்தான். உள்ளே கட்டில், குசினி எல்லாம் இருக்கும். பிக்கப்பின் பின்னால் கொழுவி ஏரிக்கரைக்கு இழுத்துப்போய்த் தங்கலாம். உங்கள் பிக்கப் இதைச் சும்மா இழுக்கும் என்று விற்கிறவர் சொன்னாராம். துறைமுகத்தில் லொறி ஓட்டுகிற என் மகன் அதை நம்பவில்லை.

“இழுக்கும்தான். ரெயிலரின்ர மூக்குப் பாரம் பிக்கப்பின்ர முதுகில எல்லோ குந்தும்? அதுக்கு மேல நாங்கள் அஞ்சு பேர், ஐஸ் பெட்டி, அடுப்பு. முதுகு தாங்குமோ எண்டு ஆர் பாக்கிறது?”

பிக்கப்பின் கதவில் எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு குளியலறைத் தராசைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்து, முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டான்.

“நான் வரேல்லை. வீட்டில நிக்கிறன்” என்றேன். பாரம் குறைப்பதென்றால் கிழவியைத்தானே முதலில் இறக்குவார்கள்.

இதற்கு முன்னும் ஒரு முறை என்னை இப்படித் தராசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு ஐந்து. மன்னாரில் இருந்தோம். மடு மாதா திருவிழாவுக்கு வருடா வருடம் போய், காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்குவது எங்கள் வழக்கம். அந்த வருடம் அம்மாவால் எழும்பி நடக்க முடியவில்லை. பஸ்ஸில் இருக்கவும் முடியாது. ஆனால் “இந்த முறை நான் போகத்தான் வேணும்” என்று ஒரே பிடியாக நின்றார்.

சித்தப்பா நெல் மில்லில் மெஷின் பார்க்கிறவர். அம்மாவைவிடப் பிடிவாதக்காரர். உடைந்த மாட்டுவண்டிப் பெட்டி ஒன்றுக்கு ரயர் பூட்டி, மேலே கூரை வளைத்து, தன் பழைய காரின் பின்னால் கொழுவினார்.

“அந்தக் கார் தன்னை இழுக்கவே கஷ்டப்படுது” என்று அப்பா சிரித்தார்.

சித்தப்பா பெட்டியில் நெல்மூட்டைகளை ஏற்றிக் குளக்கட்டில் ஓட்டிப் பார்த்தார். நாலு மூட்டையோடு கார் முனகி முனகி ஏறியது. ஐந்தாவதை வைத்ததும் பாதி ஏற்றத்தில் புகைவிட்டு நின்று, பின்பக்கமாக உருண்டு வந்தது.

“நாலு மூட்டை. இனி மாதாவே வந்து கேட்டாலும் அதுக்கு மேல ஏத்தமாட்டன்” என்றார்.

போகிற சாமான், போகிற ஆள் எல்லாம் மில் தராசுக்கு வரவேண்டும் என்று கட்டளை. சித்தி பெரிய கிடாரத்தோடு வந்தார்.

“இதென்ன, கோயிலுக்குச் சமைக்கப் போறீரோ?”

“கிடாரம் இல்லாமல் மடுவுக்கோ? ஆக்கள் சிரிப்பினம்.”

“அப்ப கிடாரம் வரட்டும். நீர் நில்லும்.”

மற்றவர்கள் பஸ்ஸில் வருவது என்றும், அம்மாவோடு பெட்டியில் ஒரு பிள்ளைதான் போகலாம் என்றும் முடிவாயிற்று. அந்தப் பிள்ளை நான்தான் என்று நான் முடிவெடுத்தேன். வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் முதல்நாள் இரவு புட்டைத் தொடவில்லை. காலையில் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. கண்ணாடிக் காப்புகளைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

சித்தப்பா முதலில் என்னைத்தான் ஏற்றினார். தராசைப் பார்த்தார். பிறகு கதிரையோடு தூக்கிவந்து இருத்தியிருந்த அம்மாவைப் பார்த்தார்.

“சரி, இவள் வாறாள்” என்றார்.

அதன் பிறகுதான் அம்மாவை நிறுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழிந்தன. கிடாரம் போயிற்று, விறகு போயிற்று, அரிசி மூட்டை போயிற்று. மெத்தையும் தண்ணீர்க் குடமும் மிஞ்சின. தம்பி பஸ் ஜன்னலுக்குள்ளால் அழுது குழறிக்கொண்டு போனான். நான் அவனுக்குக் கையைக் காட்டினேன். பட்டினி கிடந்து வென்றவள் அல்லவா!

வழி முழுக்க அம்மா என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்தார். பேன் இல்லாத இடத்திலும் பார்த்தார். ஏற்றம் வந்து கார் முனகியபோது எனக்குப் பயம் வந்துவிட்டது.

“அம்மா, நான் பாரமோ?”

“இல்லை மோனை. படு.”

கார் ஏறிவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு எல்லோரும் பஸ்ஸில்தான் போனோம். அம்மா இல்லை.

“வீட்டில நிக்கிறதோ? என்ன கதை இது?” என்று மகன் இங்கே தராசைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டான். “உங்களை ஏத்தி மிஞ்சுற இடத்திலதான் அடுப்பு வாறதோ எண்டு பாக்கவேணும். இல்லாட்டி இதிலும் சின்ன ரெயிலராப் பாப்பம். ஏறுங்கோ.”

செருப்பைக் கழற்றினேன். காப்பையும் கழற்றப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டு ஏறினேன்.

தம்பி என்னைவிடச் சின்னவன், மெலிந்தவன். பாரம்தான் கணக்கென்றால் அவனைத்தான் பெட்டியில் ஏற்றியிருப்பார்கள். எட்டு வயதில் அது எனக்கு விளங்கவில்லை.