கிரேஸின் கேள்வியை நான் எழுதவில்லை

"தத்துவத்தில் தீசிஸ் எழுதணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல!" என்று ஒரு பெண் இங்கே புலம்பியிருந்தாள்.

கமெண்ட் போடத்தான் வந்தேன். நீண்டுவிட்டது. (தொண்ணூறு வயது, ஒற்றை விரல் டைப்பிங். பிழை இருந்தால் விரலைத் திட்டுங்கள்!)

ஐம்பதுகளில் மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலேறி, மெட்ராஸில் தத்துவத்தில் எம்.லிட். படித்தேன்.

எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த ஒரே ஆள் நான்தான். (திமிரைக் கேட்கவா வேண்டும்!)

தீசிஸ் தலைப்பு: மனிதன் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுக்கிறான்.

எங்கள் புரொபசர் லேசில் எழுத விடமாட்டார்.

"மொதல்ல உங்க கருத்தை வீட்ல தமிழ்ல சொல்லுங்கப்பா. அவங்க என்ன மறுத்துப் பேசறாங்களோ, அதை அப்படியே எழுதுங்க. அதுக்குப் பதில் எழுதினப்புறம்தான் தீசிஸ்!"

வீட்டில் தங்கை கிரேஸ் நடவு முடிந்து வந்து, கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"யாரு வாழ்க்கைய?" என்றாள்.

"எல்லாரோடதும்தான்."

"என்னைய எட்டாவதோட நிறுத்துனது யாரு? நீதான நைனாகிட்ட சொன்ன, 'இவளும் கழனிக்கு வந்தாத்தான் நான் படிக்க முடியும்'னு? நான் எங்க தேர்ந்தெடுத்தேன்ணா?"

கையிலிருந்த பேனாவை மூடினேன்.

"இன்னா முழிக்கிற? எழுதிக்கோ!"

எழுதினேன். ஒரு வாரம் மண்டையை உடைத்தும் பதில் வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

"எங்க நைனா, எல்லாம் கர்த்தர் சித்தம்னு சொன்னாரு சார்" என்று புரொபசரிடம் புளுகினேன். அப்பா அப்படிச் சொன்னதே இல்லை! அதற்கு நாலு பக்கம் பதில் எழுதுவது சுலபமாக இருந்தது.

பாஸ்! "எந்த மறுப்பையும் இம்மாணவர் தட்டிக்கழிக்கவில்லை" என்று எக்ஸாமினர் பாராட்டி எழுதியிருந்தார்.

பைண்டு செய்த புத்தகத்தைக் கிரேஸ் ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

"நான் சொன்னத எழுதினியாண்ணா?"

"எழுதினேன்" என்றேன். முழுக்க இங்கிலீஷ். அவளால் படிக்க முடியாது என்ற தைரியம். பாவி நான்.

ஒரு காப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகிப் போன இடத்திலும், வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவாளாம். "எங்கண்ணன் புக்ல நான் சொன்னதும் கீது!"

நிஜத்தைச் சொல்ல எனக்கு அறுபது வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

போன வாரம் கிரேஸை அடக்கம் செய்தோம். பெட்டியை மூடும் முன் அவள் மகள் அந்தப் புத்தகத்தை உள்ளே வைத்தாள்.

"அம்மா பேசுனது இதுலதான கீது, மாமா?"

தலையாட்டினேன்.