இருபத்து நான்கு டிகிரி

எவாஞ்சலின் எட்டு வருடமாகத் திருத்தணியிலிருந்து அம்பத்தூருக்கு ரயிலில் போய் வருபவள். அங்கே ஒரு டேட்டா சென்டரில் வேலை. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தனியாக ஒரு சின்னச் சிப் உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். சூடு எவ்வளவு, விசிறி எந்த வேகம் என்று தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லும். சொன்னால் சர்வரை நிறுத்தவும் செய்யும். அந்தச் சிப்பில் ஓடும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். உட்கார இடம் கிடைத்த நாட்களில் ரயிலிலேயே அதைப் படித்துத் தேறினாள். அவளுடைய முதல் திருத்தம் ஏற்கப்பட்ட அன்று கணவன் ஜெயபால் அரக்கோணத்தில் தன்னோடு வேலை செய்பவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தான்.

ஆடிக் கிருத்திகையன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், ஸ்டேஷனுக்குப் போக முடியாது என்று வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். காலை பத்து மணிக்கு, சென்டரில் இருந்த டில்லிபாபு போன் செய்தான்.

"அக்கா, ஏழாவது ரேக்ல மூணாவது சர்வர் இன்னா காட்டுது?"

"இருபத்தி நாலு டிகிரி. நல்லாதான இருக்குது?"

"நல்லாவா? மேல கை வைக்க முடியலக்கா. ஒயரு கருகுற வாசனை வருது."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பழைய பதிவைப் புரட்டினாள். நான்கு நாளாக அதே இருபத்து நான்கு. ஒரு புள்ளி கூட ஏறவில்லை, இறங்கவில்லை. வீட்டிலிருந்தபடியே சர்வரை நிறுத்தினாள். தெருவில் காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அவள் காதில் எதுவும் விழவில்லை.

வெப்பத்தை அளக்கும் உணரி செத்துப்போயிருந்தது. உணரி பதில் சொல்லாவிட்டால் விசிறிகள் முழு வேகத்தில் சுழல வேண்டும். ஏன் சுழலவில்லை என்று மென்பொருளைத் திறந்து தேடினாள். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்தாள்.

அவள் பெயர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், உணரி ஒரு நொடி பதில் தராவிட்டாலும் வெட்டியாக அலாரம் அடிப்பதைத் தடுக்க எழுதியது. இரண்டு மூன்று முறைக்கு மேல் அப்படிக் காட்டாதே என்று வரம்பு வைக்க மறந்திருந்தாள். வீட்டிலிருந்த கணவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் ஜெயபால்.

"இதே வரி எத்தினி ஊருல ஓடிகினு இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க."

அன்று மதியமே, பிழை தன்னுடையது என்று அந்த மென்பொருளை எழுதுபவர்களின் பொதுக் குழுவுக்கு எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. எந்த நாட்டிலோ இருந்த ஒருவர் தங்களிடம் நாற்பது சர்வர்கள் மாதக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டுவதாக எழுதியிருந்தார். இன்னொருவர், அறுநூறு என்றார். எவாஞ்சலின் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிய வரி அது.

மூன்றாம் நாள் அந்த வரிக்கான திருத்தம் மென்பொருளில் ஏறியது. கருகிய சர்வரில் இரண்டு டிஸ்க் போயிருந்தன. நகல் வேறிடத்தில் இருந்ததால் தகவல் எதுவும் தொலையவில்லை. மேலாளர் வரதராஜன் எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொண்டார், வேலைக்குக் கேடு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் வரியைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவரும், "நானும் பார்க்கத் தவறினேன்" என்று எழுதியிருந்தார்.