மச்சானின் பாய்லரை அணைத்த யோசனை

என் மனைவியின் அண்ணனுக்கும் எனக்கும் பத்து வருஷமாக ஒரே சண்டை. இருவருக்கும் ஊர் வடக்குப்பட்டு, வேலை ஒரகடத்தில் ஒரே கம்பெனி. நான் நிரந்தரம், மச்சான் கான்ட்ராக்ட். எஞ்சின் உதிரிகளைக் கழுவ வெந்நீர் கொடுக்கும் டீசல் பாய்லர் அவர் பொறுப்பு. கோயில், குலம், அப்பா ஓட்டுப் போட்ட சின்னம், இந்த மூன்றில் எதை மாற்றச் சொன்னாலும் மனுஷனுக்குச் சாமி வந்துவிடும். பூமி சூடாகுது, புகையைக் குறைக்கணும், கரியைக் குறைக்கணும் என்று எவன் மைக்கில் பேசினாலும் சிரிப்பார்.

“வெயிலு எப்பதான் அடிக்கல? நம்ம வண்டிய புடுங்கறதுக்கு எவனோ கட்ற கதை மாப்ள இது. இவனுங்கள நம்பி எவன் ஓட்டு போடுவான்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு எழுத்து படித்த திமிர் வேறு. ஷெட்டுக்குள் வெக்கை தாங்காமல் ஆட்கள் மயங்கி விழுவதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “போய்யா” என்று எழுந்து போய்விடுவார்.

எங்கள் கம்பெனியில் மாதம் ஒரு கைசன் தாள் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். வேலையை மேம்படுத்த ஏதாவது ஒரு யோசனை. முக்கால்வாசிப் பேர் ட்ராலியை இரண்டடி தள்ளி வைக்கலாம் என்று எழுதி ஒப்பேற்றுவார்கள். போன வருஷம், புகையைக் குறைக்கும் யோசனைக்குத் தனிப் பரிசு என்றார்கள். புது மருந்து ஒன்று வந்திருக்கிறது, அதைப் போட்டால் பச்சைத்தண்ணீரிலேயே கழுவலாம், டீசல் எரிக்க வேண்டாம் என்று எழுதினேன். மச்சான் வேலை போகும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. அவர் வாயை அடைக்க ஒரு உதாரணம் கிடைத்தது என்றுதான் தோன்றியது. த்தூ!

மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். மறுவாரமே பாய்லரை அணைத்தார்கள். கான்ட்ராக்டர் “சொல்லி அனுப்பறேன்” என்று மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பதறிப்போய் சூப்பர்வைசரிடம் ஓடினேன். “உன் ஐடியாதானப்பா, சூப்பர்” என்று முதுகில் தட்டினார்.

மச்சான் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பகல் முழுக்க நின்றபடி வேலை, தலைக்கு மேல் ஒரு தகரம்கூடக் கிடையாது. தேர்தலன்று ஓட்டுச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். அதே சின்னத்துக்குத்தான் போடப்போகிறார், கேட்கவே வேண்டாம். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“வெயிலு ஜாஸ்திதான் இல்ல மச்சான்?” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை.

“ஆமா மாப்ள, வருஷா வருஷம் ஏறிக்கினேதான் கீது. நீ சொன்னது கரெக்ட்டு. அதுக்கோசரம் நான் என் வேலைய வுட்டேன். நீ இன்னா வுட்ட?”

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.