பத்து நிமிஷ இருட்டு

கண் பரிசோதனைத் தொழிலில் பாதிச் சம்பளம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு சின்னக் கண் கிளினிக்கில் பவர் பார்க்கும் வேலையில் இருந்தேன். வருகிறவர்களுக்கு நான் சிஸ்டர், மேடம், சில சமயம் டாக்டரம்மா. மறுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். உங்கள் ஆபீஸிலும் இந்தக் கூத்து உண்டுதானே?

சாயங்காலச் சிரிப்பு

மேட்னி ஷோவுக்கு லேட்டாகப் போய், அடுத்தவர் காலை மிதித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? நானும்தான். நம் விழித்திரையில் ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும், இருட்டில் மெல்ல ஊறும். ஊறும்வரை தடவத்தான் வேண்டும். அது ஊறுவதற்கு வைட்டமின் ஏ வேண்டும்.

திருமுடிவாக்கத்தில் பட்டறை வேலைக்குப் போகும் மல்லிகாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு, பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. மாலைக்கண். டாக்டர் மருந்து கொடுத்து, கீரையும் ஈரலும் சாப்பிடச் சொன்னார். சில வாரம் கழித்துக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "நேத்து வெளக்கு வெக்கிற நேரத்துல புள்ள சிரிச்சுது சிஸ்டர், நான் பாத்துட்டேன்!"

ஆட்டு ஈரல்

மல்லிகா இதை ஊரெல்லாம் சொன்னாள். அவளுக்கு மீன் விற்கும் கோவளத்துப் பெண்ணின் புருஷன் அந்தோணி, கேள்விப்பட்டு வந்தார். விடியுமுன் கடலுக்குப் போகிற மனுஷன். வலை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் தடுமாறியதால், கூட்டாளிகள் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். மல்லிகா பேச்சைக் கேட்டு நாலு மாதமாக ஈரல் சாப்பிட்டிருந்தார்.

அந்தோணிக்கு வைட்டமின் குறைவில்லை. நிறமியை வைத்திருக்கும் செல்களே செத்துக்கொண்டிருந்தன. பரம்பரை வியாதி. பானையே ஓட்டை என்றால் அரிசி போட்டு என்ன செய்வது? இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் பக்குவமாகச் சொல்லி, மகளையும் ஒருதடவை கூட்டிவரச் சொன்னார். அந்தோணி என் பக்கம் திரும்பினார். "ஆட்டைப் பாத்தாலே பாவமா கீது டாக்டரம்மா. இன்னும் எத்தினி மாசம் துன்னணும்?"

சின்ன விளக்கு

மகள் ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயது. இரட்டைப் பின்னலில் வெள்ளை ரிப்பன். "எனக்கு வந்தது வந்துடுச்சு. இதுக்கு இல்லேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார் அந்தோணி. மூவரும் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருந்தோம். பிறகு மங்கலான சின்ன விளக்கைப் போட்டேன். எனக்கு எல்லாம் தெரிந்தது. ரிப்பன் தெரிந்தது, அவள் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கை தெரிந்தது.

மூன்று விரலைக் காட்டி, "எத்தனைம்மா?" என்றேன். அவள் வேறெங்கோ பார்த்தாள். "இன்னும் லைட்டே போடலியே ஆன்ட்டி" என்றாள். அந்தோணி சிரித்துவிட்டார். "கரீட்டாத்தானே கேக்குது? லைட்டு போடாம கேட்டா புள்ள எப்டி டாக்டரம்மா சொல்லும்?"

இருட்டில் சும்மா உட்காரச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். பத்தாவது நிமிஷம் நமக்கு எல்லாம் தெரிந்துவிடும்.